மஞ்சள் பொட்டு வைத்த கேசட்

அத்தியாயம் 14

இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தேழு ரூபாய்.

அஞ்சலட்டையில் எண்ணாலும் போட்டு எழுத்தாலும் எழுதியிருந்தது, பேங்க் செக்கில் எழுதுவதைப் போல. ஏழு வருஷத்துக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய். நடுவில் வந்த இரண்டு லீப் வருஷத்தைக்கூட விடவில்லை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நாலு வரி.

"பணம் வேண்டாம். கேசட் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையோடு கடையை மூடுகிறேன். தில்லைநாதன், நாதன் வீடியோ, தெற்கு வீதி, சிதம்பரம்."

கொளஞ்சியப்பன் அந்த அட்டையைப் பத்தாவது தடவையாகத் திருப்பிப் பார்த்தான். கடலூர் முதுநகரில் அவன் வீட்டு ஓட்டுக்கூரையை ஐந்து மாதத்துக்கு முன்பு 'தானே' புயல் தூக்கிக்கொண்டு போனது. அன்றைக்குக்கூட அவன் முகம் இப்படிச் செத்துப்போகவில்லை.

"திருப்பித் திருப்பிப் படிச்சா கொறஞ்சிடுமா?" என்றாள் அவன் மனைவி சௌந்தரம், சட்னிக் கிண்ணத்தை நகர்த்தியபடி. "ரெண்டாயிரம் சொச்சம்தானே. குடுத்துத் தொலச்சிட்டு வா. அந்தாளுதான் பணம் வேணாங்கறாரே, அப்புறம் என்னா?"

"பணம்னா நான் ஏன்டி பயப்படறேன்? கேசட்ட கேக்கறாரே."

"குடு. ஊட்ல வெச்சு என்னா பண்ணப் போற? போட்டுப் பாக்க டெக்கு கூட இல்ல."

அவன் அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். பதில் சொன்னால் ஏழு வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

கொளஞ்சி சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிறவன். மூன்று மாடிக்குச் சாரம் கட்டி ஏறுவான். ஆனால் ராட்டினத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவோ என்னவோ, கையில் காசு சேரும்போதெல்லாம் கேசட் வாங்கினான், பிறகு சிடி வாங்கினான். அரிசி போட்டு வைக்கிற தகர ட்ரம் இரண்டு நிறைய வைத்திருந்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சோம்பல்பட்டு, மிச்சமான பெயிண்டால் ஒவ்வொன்றிலும் பொட்டு வைத்துவிடுவான். சிவப்புப் பொட்டு சினிமா. நீலப் பொட்டு பொம்மைப் படம். மஞ்சள் பொட்டு என்றால் ராட்டினம், தண்ணிச் சறுக்கு, தலைகீழாகச் சுற்றும் ரயில்.

புயலில் ஒரு ட்ரம் உருண்டு குட்டைக்குப் போய்விட்டது. வீடியோ டெக் நனைந்து செத்தது. பிழைத்த ட்ரம்மின் அடியில், பாலிதீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, ஒரே ஒரு மஞ்சள் பொட்டு கேசட் இருந்தது.

அதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டான். இன்னொரு கவரில் இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தேழு ரூபாயையும் எண்ணி வைத்துக்கொண்டான். பணத்தைப் பார்த்தால் மனுஷன் மனசு மாறினாலும் மாறும்.

"பவானியப் பாத்துட்டு வா," என்றாள் சௌந்தரம், குரலைத் தாழ்த்தி. "அந்த நம்பர்லேருந்து திரும்ப போன் வந்துதான்னு கேளு. நீயா எதுவும் ஆரம்பிக்காத."

அந்த நம்பர் 968-ல் ஆரம்பிக்கும். மஸ்கட் நம்பர். கொளஞ்சியின் தங்கை பவானியின் புருஷன் ஜெயப்பிரகாஷ் லாரி ஓட்ட மஸ்கட் போய் ஐந்து வருஷம் ஆகிறது. பணமும் போனும் நின்று இரண்டு வருஷம். கடைசியாகப் பேசியபோது "அடுத்த மாசம் வந்துடறேன்" என்றான். போன வாரம்தான் திடீரென்று அந்த நம்பரிலிருந்து மூன்று மிஸ்டு கால். பவானி திருப்பிக் கூப்பிடவில்லை. வாய்ப் பேச்சுக்குக்கூட அதை எடுக்கவில்லை.

*

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கொளஞ்சியின் கால் தானாக வடக்கே திரும்பியது. ஏழு வருஷப் பழக்கம். தங்கை வீட்டுக்குத் தெற்கு வீதி வழியாகப் போனால் பத்து நிமிஷம். அவன் அந்தப் பக்கமே போகமாட்டான். வடக்கு வீதி, மேல வீதி என்று கோயிலைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேருவான். பூக்கடைக்காரர் ஒருவர் அவனைப் பெரிய பக்திமான் என்றே நினைத்துவிட்டார். ஒரு நாள் கூப்பிட்டு, "பிரதட்சணம் பண்றவரு உள்ள போய் சாமியையும் பாக்கலாமில்ல?" என்று கேட்டார்.

இன்றைக்கு நேராகப் போனான். போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வாசலில் பவானி நின்றாள். வேலை பார்க்கும் கடைதான். ஞாயிற்றுக்கிழமை அரை நாள்.

"என்னாண்ணா, இந்த வழியா வர? பொழுது எங்க மொளச்சுது?"

"சும்மா. தாட்சாயிணி எங்க?"

"பக்கத்து ஊட்ல விட்டிருக்கேன். அது என்னா பையில?"

பொய் சொல்ல வாய் எடுத்தான். வரவில்லை. பையைப் பார்த்த பவானியே மஞ்சள் பொட்டைக் கண்டுவிட்டாள்.

"காதுகுத்து கேசட்டா? எங்க எடுத்துட்டுப் போற?"

அந்தக் கேசட்டில் இருப்பது தாட்சாயிணியின் காதுகுத்து. மூன்று வயசுக் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழும். சுற்றிலும் சொந்தம் சிரிக்கும். படம் முழுக்க ஜெயப்பிரகாஷின் குரல் ஓடும். அவன் போட்டோக்கள் நாலைந்து உண்டு. குரல் இருப்பது உலகத்திலேயே இந்த ஒரு நாடாவில்தான். தாட்சாயிணிக்கு இப்போது பத்து வயசு. "அப்பா எப்பிடிம்மா பேசும்? மறந்துபோச்சு" என்று அவள் கேட்டதைப் பவானி அண்ணனிடம் சொல்லி அழுத நாள் கொளஞ்சிக்கு மறக்கவில்லை.

நடுவீதியில் நின்றே சொன்னான். "இது நம்ம கேசட் இல்ல பவானி. வாடகை கேசட். தில்லைநாதன் சார் கடையுது. அன்னிக்கி வீடியோக்காரன் கேமராவுலேருந்து ஏத்தித் தரதுக்கு வெறும் கேசட் கெடைக்கல. சாயங்காலம் பஸ்ஸுக்குப் போவணும்னு குதிச்சான். நாந்தான் இதுல ஏத்தச் சொன்னேன்."

பவானி அவனையே பார்த்தாள்.

"எம் புருஷன் கொரல திருட்டு கேசட்டுலயா வெச்சிருந்த?"

"கம்பெனி கேசட், நாலு காப்பி இருக்கும்னு நெனச்சேன். மறுநாளே புதுசு வாங்கிக் குடுத்துடலாம்னு... அப்பறம் மூஞ்சியக் காட்ட முடியல."

"இப்ப?"

"திருப்பிக் கேக்கறாரு."

பவானி கடைப்படியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "வா. நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"அவரு எடுத்துக்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டியாவது கேட்டுட்டுப் போறேன்."

*

நாதன் வீடியோவில் பாதி அலமாரி காலி. மிச்சமிருந்த சிடிக்களை வாசலில் பெஞ்சு போட்டுக் கொட்டி, "எது எடுத்தாலும் 5" என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். கொளஞ்சியின் கண் அவனைக் கேட்காமலே அங்கே போனது. அவன் கணக்கில் ஒரு நீலப் பொட்டுக்காரன், இரண்டு மஞ்சள் பொட்டுக்காரன். தலையைத் திருப்பிக்கொண்டான். தூக்கு மேடைக்குப் போகிறவன் வழியில் கருவாடு விலை கேட்பானா?

தில்லைநாதன் கல்லாவில் இருந்தார். ஏழு வருஷத்தில் மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

"வாய்யா கொளஞ்சி. வீடு மாத்திட்டுப் போயிட்டியோன்னு நெனச்சேன்."

"மன்னிச்சுக்குங்க சார்." கவரை நீட்டினான். "ரெண்டாயிரத்து ஐநூத்தி அம்பத்தேழு. எண்ணிக்குங்க."

"அட்டையில எழுதினது தமிழ்லதானே? கேசட்ட எடு."

எடுத்துக் கொடுத்தான். தில்லைநாதன் அதைத் திருப்பிப் பார்த்தார். கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் எந்த டெக்கும் அதில் மறுபடி எதையும் ஏற்றாது. அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோடேப்பை ஒட்டினால் டெக் ஏமாந்துபோகும். தில்லைநாதன் தன் கையாலேயே உடைத்த பல் அது. இப்போது அதன் மேல் பழுப்பேறிய செல்லோடேப் ஒட்டியிருந்தது.

கட்டைவிரலால் அதைத் தடவினார். தொழில் தெரிந்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

"மேல ஏத்திட்டியா?"

கொளஞ்சி தலையை ஆட்டினான்.

"எவ்ளோ?"

"முப்பத்தெட்டு நிமிஷம் சார். எங்க ஊட்டுக் காதுகுத்து. வேற காப்பி இருக்கும்னு நெனச்சிட்டேன்."

"காப்பியா?" தில்லைநாதன் சிரித்தது சிரிப்பு மாதிரி இல்லை. "அது நான் கேமரா வாடகைக்கு எடுத்துப் புடிச்சதுய்யா. மெட்ராஸ் பக்கம் தீம் பார்க் போனமே, அது. தெருப் புள்ளைங்க விரும்பிப் பாக்குதுன்னு வாடகைக்கு விட்டேன். நீயே பதினோரு வாட்டி எடுத்திருக்க, நோட்டுல இருக்குது. கடைசில ஒரு பொம்பள கப்பல் ராட்டினத்துல ஒக்காந்து கத்துவாளே, ஞாபகம் இருக்குதா?"

இல்லாமலா? தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் எடுத்துப் போட்டு, அந்தத் தெரு முழுக்கத் தெரியும். பட்டுப்புடவை கட்டிய அம்மா ஒருத்தி ஊஞ்சல் கப்பலில் மேலே போய் நின்று புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். குழந்தை தாட்சாயிணி அதைப் பார்த்துத்தான் விழுந்து விழுந்து சிரிக்கும்.

"எம் பொண்டாட்டிய்யா அது. சிவகாமு."

கொளஞ்சி நீட்டியிருந்த பணக் கவரைக் கீழே இறக்கினான்.

"போன வருஷம் போயிட்டா. போட்டோன்னாலே ஓடறவ. ரேஷன் கார்டுல இருந்த படத்தத்தான் பெருசு பண்ணி மாட்டியிருக்கேன். பாக்கவே வேற யாரோ மாதிரி இருக்குது." சற்று நேரம் கேசட்டையே பார்த்தார். "அந்தக் கப்பல்லேருந்து எறங்கி வந்ததும் கேமராவப் பாத்து என்னமோ சொன்னா. என்னா சொன்னான்னு ஒரு வருஷமா யோசிக்கறேன். வர மாட்டேங்குது."

வெளியே ஷேர் ஆட்டோக்காரன் "அண்ணாமலை நகர், அண்ணாமலை நகர்" என்று கூவிக்கொண்டு போனான்.

பவானிதான் கேட்டாள். "உங்க படம் மொத்தம் எவ்ளோ நேரம் சார்?"

"முக்கா மணி நேரம்."

"அப்ப ஏழு நிமிஷம் மிச்சம் இருக்கணுமே. அண்ணா, அதுல என்னா இருக்குது?"

"தெரியாது," என்றான் கொளஞ்சி.

"ஏழு வருஷமா ஒன்கிட்டதானே இருக்குது?"

"காதுகுத்து முடியறதுக்கு முன்னாடியே நிறுத்திடுவேன்."

"ஏன்?"

அவன் முகத்தைக் காலி அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

*

கடையில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு டெக். அதைப் பதினான்கு இஞ்ச் டிவியோடு மாட்டினார் தில்லைநாதன். "ஸ்டாப் பட்டன் உள்ள மாட்டிக்கிச்சு. நிறுத்தணும்னா பிளக்கத்தான் புடுங்கணும்," என்று சொல்லிவிட்டுக் கேசட்டைத் தள்ளினார்.

கொளஞ்சி போய் பிளக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

கோடு கோடாக ஓடி, படம் தெளிந்தது. குழந்தை வீறிட்டது. ஏழு வயசு குறைந்த கொளஞ்சி, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதைவிட அதிகமாக நடுங்கினான்.

"மச்சான், நீ ஏன் கண்ண மூடற? குத்தறது அவ காதுல!"

பவானியின் கை புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தது. ஜெயப்பிரகாஷின் முகம் திரையில் இல்லை, கேமராவுக்குப் பின்னால் எங்கேயோ நின்று பேசுகிறான். அதே கரகரப்பு, வார்த்தைக்கு வார்த்தை அதே இழுப்பு.

"யாராவது எம் மச்சானுக்கு ஒரு சோடா குடுங்கப்பா. புள்ள தாங்கிக்கும், இவன் தாங்க மாட்டான்!"

பவானி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தில்லைநாதன் நாற்காலியை அவளுக்கு நகர்த்திப் போட்டார்.

சாப்பாட்டுப் பந்தி வந்தது. மொய் எழுதுவது வந்தது. பெரியவர்கள் வரிசையாக நின்று போட்டோவுக்கு நிற்பது போல வீடியோவுக்கும் அசையாமல் நின்றார்கள். கொளஞ்சியின் கணக்கில் இன்னும் அரை நிமிஷம். அவன் கை சுவரோரம் போனது.

"விடுண்ணா," என்றாள் பவானி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டு அவள் பிடியில் இருந்தது.

"வேணாம் பவானி."

"விடுன்னேன்."

திரையில் பந்தல் ஆடியது. வீடியோக்காரன் கேமராவை அணைக்க மறந்து தோளில் வைத்திருக்கிறான் போல. தரையும் செருப்புகளும் தெரிந்தன. பேச்சு மட்டும் சுத்தமாகக் கேட்டது.

"வெறும் கேசட் இல்லாட்டி எதுலங்க ஏத்தறது?"

"இதோ ராட்டின கேசட் இருக்குதே. இதுல ஏத்துய்யா."

"டேய் ஜெயப்பிரகாஷு, அது வாடகைக் கேசட்டுடா. வேணாம். தில்லைநாதன் சாருக்கு யாரு பதில் சொல்றது?" இது கொளஞ்சியின் குரல்.

"நான் சொல்றேன் மச்சான். நாளைக்கே புதுசு வாங்கிக் குடுத்துடறேன். நாளைக்கே. என்ன நம்பு."

படம் வெட்டுப்பட்டது. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் இரைந்தன.

கொளஞ்சி தலையைக் குனிந்துகொண்டான். ஏற்கெனவே ஜெயப்பிரகாஷை ஊர் சொல்லாத சொல் இல்லை. ஏமாத்துக்காரன் என்றார்கள், அங்கே இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்றார்கள். தங்கைக்கு மிஞ்சியிருப்பது அந்தக் குரல்தான். அதிலும் ஒரு பொய் இருக்கிறது என்று அவளுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

"நாளைக்கேயாம்," என்றாள் பவானி மெதுவாக. "அடுத்த மாசம்னு சொன்னவரு, அன்னிக்கும் இதே மாதிரி வார்த்தைதான். அதையும் ஒந்தலையில போட்டுக்கிட்டு ஏழு வருஷமா கோயிலச் சுத்தினியா?"

"அவன் கொரல்ல நல்லது மட்டும் இருக்கட்டும்னு..."

"அவரு கொரல்ல அவரு இருக்கட்டும்ணா. அது போதும் எனக்கு."

டிவியில் புள்ளிகளின் இரைச்சல் நிற்கவில்லை. தில்லைநாதன் எழுந்துவிட்டார். "அவ்ளோதான் போலருக்குது," என்று சொல்லிக்கொண்டு பிளக்கை நோக்கிக் குனிந்தார்.

"ஐயோ! பாவி மனுஷா! நிறுத்தச் சொல்லு!"

குனிந்தவர் குனிந்தபடி நின்றார்.

நீலவானத்தில் ஒரு கப்பல் செங்குத்தாக நின்றது. அதன் கடைசி வரிசையில் மாம்பழ நிறப் பட்டுப்புடவை. கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு சிவகாமு கத்தினாள். "கேஸ மூடிட்டு வந்தீங்களா? பால்காரனுக்குச் சொன்னீங்களா? எறங்கி வரேன், இருக்குது உங்களுக்கு!"

கப்பல் போனது, வந்தது. ஒவ்வொரு தடவை மேலே ஏறும்போதும் வீட்டில் விட்டுவந்த ஒரு காரியம் அவளுக்கு ஞாபகம் வந்தது. துணி கொடியில் கிடக்கிறதாம். சீட்டுக்காரம்மா வருவாளாம். தில்லைநாதனின் தோள் குலுங்கியது. கொளஞ்சி முதலில் சிரிப்பென்று நினைத்தான்.

கப்பல் நின்றது. சிவகாமு படியில் தள்ளாடி இறங்கினாள். கலைந்த தலையைச் சரிசெய்துகொண்டு நேராகக் கேமராவிடம் வந்தாள். முகம் திரை முழுக்க நிறைந்தது. பயமும் வெட்கமும் கலந்து, முப்பது வயசு குறைந்த முகம்.

"ஏங்க," என்றாள், ரகசியம் போல. "இன்னொரு வாட்டி போலாமா?"

அதோடு படம் முடிந்து நீலமானது.

"இதேதான்," என்றார் தில்லைநாதன். "இதேதான்யா. அதெல்லாம் முடியாது, நேரமாயிடுச்சின்னு நான் இட்டுட்டு வந்துட்டேன்."

டெக்கில் நாடாவைப் பின்னால் ஓட்டி மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை, அவள் கேட்டதும், "போலாம்" என்று பதில் சொன்னார்.

*

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மூன்று பேருக்கும் கேசட்டைத் தொடக் கூச்சமாக இருந்தது. ஒரே நாடா. முன்னால் ஒருவருடைய புருஷன், பின்னால் ஒருவருடைய பெண்டாட்டி.

"நான் வெச்சுக்கிட்டா இந்தப் பொண்ணுக்கு இல்ல," என்றார் தில்லைநாதன். "நீ எடுத்துட்டுப் போனா எனக்கு இல்ல."

"நீங்களே வெச்சுக்குங்க சார்," என்றான் கொளஞ்சி. "உங்க பொருளு."

"அவசரப்படாத. மேல வீதி ஸ்டுடியோவுல சிடில ஏத்தித் தராங்க. ஒரு நாள் வேல. ஒனக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

கல்லாவுக்கு அடியிலிருந்து தடித்த நோட்டை எடுத்தார். 2005 என்று அட்டையில் எழுதியிருந்தது. எச்சில் தொட்டுப் புரட்டினார்.

அப்போது பவானியின் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். முகம் மாறியது. அவள் சொல்லாமலே கொளஞ்சிக்குத் தெரிந்தது, 968.

"எடுக்கட்டுமாண்ணா?"

"ஒன் இஷ்டம் பவானி. என்னக் கேக்காத."

அவள் போனோடு வாசலுக்குப் போனாள். ஐந்து ரூபாய் சிடிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று காதில் வைத்தாள். கண்ணாடிக் கதவு வழியாகக் கொளஞ்சிக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. வெறுமனே கேட்டுக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கேட்டாள்.

"இங்க பாருய்யா," என்று கூப்பிட்டார் தில்லைநாதன்.

கொளஞ்சியப்பன் என்ற பெயருக்கு நேரே இருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தேழின் மேலும் கோடு போட்டார். பணக் கவரை அவன் சட்டைப் பையிலேயே திணித்தார். அதற்குக் கீழே, ஏழு வருஷமாகக் காலியாகக் கிடந்த இடத்தில், புதிதாக ஒரு வரி எழுத ஆரம்பித்தார். கொளஞ்சி எழுத்துக்கூட்டிப் படித்தான்.

எடுத்தவர்: தில்லைநாதன். கேசட்: ராட்டினம், காதுகுத்து. உரியவர்: கொளஞ்சியப்பன், கடலூர். ஒரு நாள்.

"லேட்டானா?" என்று கேட்டான் கொளஞ்சி.

"நாளுக்கு ஒரு ரூபா. கடை ரேட்டு அதுதானே," என்று சொல்லிவிட்டுத் தில்லைநாதன் பழைய வரியின் கடைசிக் கட்டத்தில், பாக்கி என்ற இடத்தில், கொட்டை எழுத்தில் 'இல்லை' என்று எழுதி நோட்டை மூடினார்.